எட்வினின் காய்ச்சல்

"அன்னிக்கு மட்டும் எனக்குக் காய்ச்சல் வரலைன்னா, இந்தியாவுக்கே நான்தான் சாம்பியன்!" முன்னாள் மிடில்வெயிட் குத்துச்சண்டை வீரர் எட்வின் முப்பது வருடமாக ராயபுரத்தில் சொல்லிவரும் கதை இது. எந்தக் காலத்து வீரரையும் எந்தக் காலத்து வீரரோடும் மோதவிடும் இயந்திரம் அங்கிருந்த குத்துச்சண்டை கிளப்புக்கு வந்ததும், முதல் ஆளாகப் போய் அதனிடமும் இதையே ஒப்பித்தார்.

அவரோடு மோத, திரையில் பழைய சாம்பியன்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். எட்வின் நிற்க வேண்டிய மூலை மட்டும் ஒவ்வொரு முறையும் காலியாகவே இருந்தது.

"எட்வினுக்குக் காய்ச்சல்" என்றது இயந்திரம்.

கிளப்பே சிரித்தது. ரோஷம் வந்து, இருபத்தைந்து வயது எட்வினை இருபத்தாறு வயது எட்வினோடு மோதவிட்டார். இரண்டு மூலையும் காலி. போட்டி டிரா.

"பரவால்ல விடுய்யா," என்று கூட வந்திருந்த மனைவி பிலோமினா தோளைத் தட்டினாள். "இதுலயாவது நீ தோக்கல."