இறங்காத சர்க்கரை

நாவலூர் ஃபிளாட்டின் சமையலறையில் பரணிதரன் களைத்துப்போய் உட்கார்ந்தான். வீட்டிலேயே பீர் காய்ச்ச, முளைகட்டி உலர்த்திய பார்லியை பானை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள சர்க்கரை நீரில் இறங்க வேண்டும். நான்காவது வாரமாக, அளந்து பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. நண்பன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பார்லியும் இதோடு தீர்ந்தது.

“அரவையை மாத்தினேன், சூட்டை மாத்தினேன், தண்ணியையும் மாத்தினேன். சர்க்கரை எங்கதான் போவுது அனு?”

“உங்க பேஜாரு கெடக்கட்டும். அப்பாவுக்குச் சுகர் நானூறாம்!” லேப் ரிப்போர்ட்டை நீட்டினாள் மனைவி.

பின்னாலேயே வந்த மாமனார் சிங்காரம் சோர்ந்து முனகினார்: “பானையில என்னான்னு கேட்டதுக்கு, சுகருக்கு நல்ல பார்லிக் கஞ்சின்னு நீங்கதானே சொன்னீங்கோ மாப்ளே? நாலு வாரமா பானையிலேர்ந்து ரெண்டு சொம்பு மொண்டு குடிச்சிட்டு, கொறை தெரியாம தண்ணியும் ஊத்தி வெச்சேனே!”