காக்கைக்கு நட்ட கம்பம்

காக்கையம்மாளுக்கு முட்டையிட இன்னும் மூன்றே நாள். புது ரயில் பாதையின் மின்கம்பத்தில் உட்கார்ந்து, கட்டுக்கம்பியை அலகால் வளைத்து வளைத்துக் கூடு பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு இதுல கரண்டு விடப்போறாங்களாம்" என்றது பக்கத்து வேப்பமரத்து அணில்.

"போடா! எனக்காகத்தானே இத்தனை கம்பம் வரிசையா நட்டிருக்காங்க!"

"அப்போ இந்த ஒயர் எதுக்காம்?"

"மழையில நனைஞ்சா உக்காந்து இறக்கையைக் காயவைக்க."

சாயங்காலமே ஒரு தொழிலாளி ஏணி வைத்து ஏறி, கூட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனான். அவள் கத்தின கத்தில் அணிலுக்குக் காது அடைத்தது.

"இங்க வாங்கக்கா, நிறைய இடம் இருக்கு."

வேறு வழி? ஓயாமல் சுள்ளி பொறுக்கினாள். மூன்றாம் நாள் காலையில் வேப்பங்கிளையில் கூடு முடிந்தது. கடைசிச் சுள்ளியைச் செருகிவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.

"என் வீட்டைக் கலைச்ச ரயிலு உருப்படுமா? இனிமே செத்தாலும் அந்த ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்க்க..."

"அடியே!" ஸ்டேஷன் கூரையிலிருந்து புருஷன் கூப்பிட்டான். "முதல் வண்டி வந்தாச்சு! ஆபீஸ் போறவங்க இட்லியைப் பிச்சுப் பிச்சுப் போடறாங்க, ஓடியா!"

மீதிப் பேச்சைக் கேட்க அணில் திரும்பியது. கிளையில் காக்கையைக் காணோம்.