மங்கலாகத் தெரிந்தவை

ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரையில் புதிதாக இரண்டு ஐகான்கள், பாதி அழித்த மாதிரி மங்கலாக. அழித்துப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் இரண்டும் திரும்ப வந்து நின்றன.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"வைரஸாடா?"

"இல்ல மாமா, சிஸ்டம் ஃபைல். திரையில எது எப்படித் தெரியணும்னு கம்ப்யூட்டர் தனக்காக எழுதி வெச்சிக்கிற குறிப்பு. முதல்லேர்ந்தே அங்கதான் இருக்கு."

"அப்ப இத்தனை நாளா என் கண்ணுல படலையே?"

"மறைஞ்சிருக்கும். மறைச்சதையெல்லாம் காட்டச் சொல்லி யாரோ செட்டிங்க மாத்தியிருக்காங்க."

"தானா மாறாதா?"

"மாறாது மாமா. எதையாவது தேடறவங்கதான் மாத்துவாங்க."

போனை வைத்தார். வீட்டில் இருப்பதே அவரும் மனைவியும் என இரண்டு பேர். மேஜையில் தினமும் தயாராக இருக்கும் டிபன் பாக்ஸை வேறு இன்று காணோம்.

டாக்குமெண்ட்ஸுக்குள் போய்ப் பார்த்தார். அவர் மறைத்து வைத்திருந்த ஃபோல்டரும் அங்கே மங்கலாகத் தெரிந்தது. திறந்தார். வேலை போன இந்த இரண்டு மாதத்தில் அவர் எழுதிய முப்பத்தொரு விண்ணப்பங்களும் இருந்தன. கடைசியில், அவர் எழுதாத ஒரு கடிதம்.

'அனுபவம் பத்தொன்பது வருஷம்னு போட்டிருக்கீங்க. பிரஸ்ல வேலை பாத்த ரெண்டு வருஷத்தை விட்டுட்டீங்க. சேர்த்துட்டேன். டிபன் பாக்ஸைக் கழுவிப் பரண்ல வெச்சாச்சு. இனிமே எங்கேயோ உக்காந்து ஆறிப்போனதைச் சாப்பிட வேண்டாம்.'

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, படிச்சாச்சுன்னா சட்டையை மாத்திட்டு வாங்க. தட்டு போட்டுட்டேன்."