வில்பிரட்டின் ஜீன்ஸ்

வேளாங்கண்ணி உள்ளே நுழைந்தபோது கத்தரிக்கோல் ஜீன்ஸின் தொடைப் பக்கத்தில் பாதி தூரம் போயிருந்தது.

யாருடைய ஜீன்ஸ் என்று கேட்கவே வேண்டாம். அவளுடைய அண்ணன் வில்பிரட்டுடையது. ராமநாதபுரத்துக்குக் கூடவே போய், கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

வெட்டிக்கொண்டிருந்தவள் அவனுடைய மனைவி பிரெசில்லா.

ஐப்பசியில் தனியாகக் கடலுக்குப் போனவன் வில்பிரட். வள்ளம் மட்டும் தனுஷ்கோடிப் பக்கம் கரை ஒதுங்கியது. ஆளை இன்றுவரை காணவில்லை.

கடலில் காணாமல் போனவனின் துணியில் கத்தரி வைக்கக் கூடாது. இது அந்தக் குப்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெட்டிவிட்டால், இனி அவன் வரப்போவதில்லை என்று வீட்டுக்காரர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

அதனால்தான் அண்ணனின் இரண்டு ஜீன்ஸையும் வேளாங்கண்ணி தன் கையாலேயே துவைத்து, காயவைத்து, உப்புக்காற்று படாமல் பழைய வேட்டியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை மதினி பிரெசில்லா கையில் கொடுத்ததுதான் தப்பாகப் போயிற்று.

பிரெசில்லா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வெட்டி முடித்த ஜீன்ஸ் காலைத் தையல் மெஷினில் கொடுத்து, அடிப்பக்கத்தை மூடித் தைக்க ஆரம்பித்தாள். தடித்த மடிப்பு வந்ததும் ஊசி திணறியது. மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினாள். ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு பொறுமை காட்டியிருக்க மாட்டாள்.

வேளாங்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க மனசு என்ன கல்லா மதினி? எங்க அண்ணன் துணியிலயா கத்தரிய வைக்கிறீக?”

பிரெசில்லா கொல்லைப்புறத்தைக் கையால் காட்டினாள்.

அங்கே வேப்பமரக் கிளையில் இன்னொரு ஜீன்ஸின் கால் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, இரண்டு ஜீன்ஸுமே போயிற்று! அடியைத் தைத்து, உள்ளே இடித்த கரியும் கழுவிய மணலும் அடைத்து, மேலே குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தாள். முதலில் சாயம் இறங்கியிருக்க வேண்டும். கொட்டிய இடத்தில் மணல் நீலமாகக் கிடந்தது. இப்போது குடத்தில் சொட்டிய தண்ணீர் தெளிவாக இருந்தது. அப்படி வடித்த தண்ணீர் பக்கத்து அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் விஷயத்தில் வேளாங்கண்ணிக்கும் வயிறு எரியாமல் இல்லை. தெருக்குழாய் உடைந்து, சாக்கடை கலந்து, மாதக்கணக்காகிறது. கேட்டால் இன்றைக்கு ஆள் வரும், நாளைக்கு ஆள் வரும். ஒருநாள் வந்தார்கள், குழியை எட்டிப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை. சுற்றிலும் உப்புத் தண்ணீர் கிடக்கிற ஊரில் குடிக்கிற தண்ணீரையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். அவர்களை நிற்கவைத்து இந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்ல வேண்டும்.

அதற்காக அண்ணன் துணியிலா கை வைப்பது? உலகத்தில் வேறு துணியே இல்லையா?

“சேலைய நாலா மடிச்சும் வடிச்சுப் பாத்துட்டேன். கலங்கலாத்தான் எறங்குது” என்றாள் பிரெசில்லா, தைத்துக்கொண்டே.

அந்தச் சாதாரணக் குரல்தான் வேளாங்கண்ணியை இன்னும் கிளப்பிவிட்டது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டிய புருஷன் துணியை அடுப்படிச் சாமானாக்கிவிட்டு என்ன பேச்சு பேசுகிறாள்! அண்ணன் இவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியதற்கு இதுதான் மரியாதையா?

“அதுக்குன்னு? அண்ணன் நெனப்புக்குன்னு எங்களுக்கு இருக்குறதே அது ஒண்ணுதான மதினி!”

கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மெஷின் நின்றது.

பிரெசில்லா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தாள். அழுகிற முகம் இல்லை. வேளாங்கண்ணியைவிட அவளுக்குத்தான் அதிகக் கோபம் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“நெனப்புக்கா? ஏன், அவுக எங்க போயிட்டாக? இத்தன நாளு கடல்ல கெடந்துட்டு வாரவுக, எறங்குனதும் மொதல்ல தண்ணிதான கேப்பாக. இந்தச் சாக்கடையவா மோந்து குடுக்கச் சொல்ற? உடுத்துறதுக்கு நான் வேற தச்சுக் குடுத்துக்கிருவேன்.”

சொல்லிவிட்டுக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

வேளாங்கண்ணியோ, அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைக்கப் பங்குச் சாமியாரிடம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, அதை மதினியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் மாதா கோயிலிலிருந்து நேராக இங்கே வந்திருந்தாள்.