இரண்டு இழுப்பு

"கயித்த விட்டுராதீங்க அண்ணாச்சி. எந்த நிமிஷமும் இழுப்பாரு" என்றாள் ஹிபா.

அவள் அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், காயல்பட்டினத்துப் பெண். கட்டிலில் கிடந்த ஞானதீபத்தின் இடது கையில் நைலான் கயிற்றின் ஒரு முனையை அவள்தான் சுற்றி வைத்திருந்தாள். மறுமுனை, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவன் மச்சான் ராஜதுரையிடம் இருந்தது.

பக்கவாதம் வந்து ஒன்பது நாளாக ஞானதீபம் பேசவில்லை. கையைத் தூக்கு என்றால் தூக்கவில்லை, கண்ணை மூடு என்றால் மூடவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயந்தரம் பெரிய டாக்டர் வருவார். அதற்குள் அர்த்தமுள்ள ஒரு அசைவாவது தெரிந்தால் பயிற்சி வார்டுக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று ராஜதுரைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நாங்க பேசுதது இவனுக்கு எட்டவே இல்லையாம்மா?"

"பேச்சைப் புரிஞ்சுக்கிடுத இடம் மூளையில இடது பக்கம் இருக்கு. அங்கதான் அடைப்பு. இடது கைய ஆட்டுத இடம் வலது பக்கம், அது நல்லாத்தான் இருக்கு. ஒரே வேலைய வருஷக்கணக்கா செஞ்சா, அந்தக் கைக்கான இடம் மூளையில பெருசாயிரும். நீங்க ரெண்டு பேரும் சங்கு குளிக்கப் போயி எத்தன வருஷமாச்சு?"

"இருவத்திரெண்டு."

"அப்ப பேச்சு மறந்தாலும் கயிறு மறந்துருக்காது. தண்ணிக்குள்ள என்ன சாடை வச்சிருக்கீங்க?"

"ஒரு இழுப்புன்னா நல்லாருக்கேன். ரெண்டு இழுப்புன்னா முடியல, மேல தூக்கு."

"ஒண்ணோ ரெண்டோ, அவரு இழுக்கட்டும். காத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள் ஹிபா.

மணி இரண்டானது, மூன்றானது. கயிறு சோம்பேறியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ இழு மச்சான். கரையில வாய் ஓயாம பேசுவ, இப்ப விரல அசைக்கதுக்கு என்ன கிராக்கி" என்றான் ராஜதுரை. சிரிப்பு காட்டத்தான் சொன்னான். பயமாக இருந்தது அவனுக்கு. இவன் இல்லாத தெரேஸ்புரம் கரையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான்கு மணி வெயில் பச்சைத் திரைச்சீலை வழியாக உள்ளே வந்தது. அறை முழுவதும் மெல்ல மெல்லக் கடலடியின் நிறமானது. சலைன் பாட்டிலில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறின. ஒன்பது நாள் தூக்கமில்லாத ராஜதுரையின் கண்கள் தாமாகச் செருகிக்கொண்டன.

சத்தமெல்லாம் எங்கோ மேலே போய்விட்டது. அவன் இறங்கிக்கொண்டே இருந்தான். பாசி ஆடியது. மணலில் சங்கு ஊர்ந்த தடம் வளைந்து வளைந்து போயிற்று, அதன் பின்னாலேயே அவனும் போனான். மச்சானைத் தேடினான், காணவில்லை. நன்றாகத்தான் இருந்தது அங்கே, திரும்பவே தோன்றவில்லை. பிறகு நெஞ்சு இறுகியது. மூச்சு முடியப்போகிறது என்று தெரிந்ததும் அவன் கை, அவனைக் கேட்காமலே, கயிற்றை இரண்டு தரம் சுண்டியது.

கயிறு விறைத்தது.

ஸ்டூல் நகர்ந்த சத்தத்தில் ராஜதுரை விழித்துக்கொண்டான். ஞானதீபத்தின் கண்கள் இன்னும் மின்விசிறியில்தான் இருந்தன. ஆனால் அவன் இடது கை கயிற்றை இழுத்தது. இழுத்ததை விலாவோடு அழுத்திக்கொண்டு, மறுபடி எட்டிப் பிடித்து, மறுபடி இழுத்தது. முழம் முழமாகக் கயிறு அவன் மார்பில் சேர்ந்தது.

ஹிபா ஓடிவந்தாள். "டாக்டரக் கூப்பிடுதேன் இருங்க. இவ்வளவு நேரம் ஏன் அண்ணாச்சி இழுக்கல இவரு?"

ராஜதுரை கண்ணைத் துடைக்கவில்லை, கையில் கயிறு இருந்தது.

"படுத்துக் கெடக்கவந்தான் அடியில கெடக்கான்னு நெனச்சிட்டேம்மா, ஒரு சாடையும் குடுக்காம மேலயே உக்காந்துட்டேன். தண்ணிக்குள்ள போறவன் நாந்தான். தன் தங்கச்சி புருஷன் உசுராச்சேன்னு இருவத்திரெண்டு வருஷமா வள்ளத்துல நின்னு என்னத் தூக்கிவிட்டவன் இவன்."