நாலு டன்

சீக்கிரம் உடைந்துவிட வேண்டும் என்று நர்மதா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் கொத்தனார் தங்கராசுவும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி வந்து தனக்காக வேண்டிக்கொள்கிறாரே என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

உடைய வேண்டியது ஒரு கான்கிரீட் பீம். பெரம்பலூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், அழுத்தும் இயந்திரத்துக்கு அடியில் அதைக் கிடத்தியிருந்தார்கள்.

பலவீனமான பீமுக்கு வெளியிலிருந்து பலம் ஏற்றுவதுதான் நர்மதாவின் எம்.இ. ஆய்வு. வேண்டுமென்றே நோஞ்சானாக இரண்டு பீம் வார்க்கச் சொல்லி, ஒன்றை அப்படியே விட்டுவிட்டாள். மற்றதைப் பசை தடவிய கண்ணாடி இழைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தாள்.

வெறும் பீம் நாலு டன்னில் உடைய வேண்டும், சுற்றிய பீம் அதைப்போல இரண்டு மடங்காவது தாங்க வேண்டும். அப்போதுதான் துணியின் பெருமை தெரியும். தவறினால் மறுபடி வார்த்து, அது இறுக இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும். ஆய்வறிக்கை கொடுக்கவோ பத்தே நாள்தான். அதைக் கொடுத்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் சென்னையில் கிடைத்திருக்கும் வேலை.

பீம் வார்த்த அன்று அவளுக்குப் பரீட்சை. சிமெண்ட் பாதி போதும், உள்ளே கட்டும் கம்பி ரிங்கும் பாதி போதும் என்று தங்கராசுவிடம் சொல்லிவிட்டு ஓடினாள். முப்பது வருடக் கொத்தனார் அவர். பாதியா என்று இரண்டு முறை கேட்டார், பாதிதான் என்று அவளும் இரண்டு முறை சொன்னாள்.

பேராசிரியர் குருநாதன் இயந்திரத்தை ஓட்டினார். மூன்று டன். நாலு. பீம் சும்மா கிடந்தது. ஆறு டன்னில்தான் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்தது.

ஒன்பதில் உடைந்தது. அடுத்து, துணி சுற்றியதை ஏற்றினார்கள். அது ஒன்பதரையில் உடைந்தது.

குருநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அரை டன்னுக்கு எதுக்கும்மா இவ்ளோ துணி?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

நர்மதாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருட உழைப்பும் போச்சு, சென்னை வேலையும் போச்சு. எங்கே கணக்கு பிசகியது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

தங்கராசுவின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. பேராசிரியர் வாசலைத் தாண்டிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அழுவாத பாப்பா. சிமெண்ட்டு, ரிங்கு எல்லாம் முழுசாத்தான் போட்டுருக்கேன். நீ பாதியாக்கச் சொன்னத ஒங்க சாருகிட்ட மூச்சு வுடமாட்டேன்.”