சரக்கு இறக்க நாலு பேர்

துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்த அப்பாவு, கட்டிலில் படுத்தபடியே பழைய கூட்டாளி செங்குட்டுவனோடு சேர்ந்து ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த மூணாவது மாடிலேர்ந்து ஒரு சரக்க எறக்கணும். ஹவுசிங் போர்டு படி, குறுகலு. மதியும் அவன் தம்பியும் நெட்டைங்க, முன்னாடி புடிக்கட்டும்."

"பின்னாடி வல்லரசு?"

"பலசாலிதான், ஆனா அவசரக்காரன். பக்கத்துல தாவூதப் போடு. அவன் நிதானம்."

செங்குட்டுவனுக்குச் சுருக்கென்றது. "இன்னா மேஸ்திரி, என்னியவிட நல்லா தூக்கறவன் எவன் கீறான்?"

"எவனும் இல்ல. ஆனா உனக்குக் கண்ணு கலங்கிடும்டா. படி தெரியாது."

"சரக்கு எறக்கசொல்ல எவனாவது அழுவானா? எங்க கீது அந்தச் சரக்கு?"

அப்பாவு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "டாக்டரு கைய விரிச்சிட்டாரு."

ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரக் கிளம்பிய செங்குட்டுவனுக்கு முதல் படியே தெரியவில்லை.